நாச்சாரம் ஷெட்டில் நான் ஹிந்தி பேசிய சாயங்காலம்

தம்பி,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, இடம் விட்டு எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் உனக்கு சுலபம்தான். ஆனால் ஃபாக்டரியில் விளக்கம் கேட்டு வந்த மெமோவுக்கெல்லாம் நான் இங்கிலீஷில்தான் பதில் எழுதினேன். அந்த பாஷையில் தப்பிக்கிற சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று பேசிப் பார்த்தேன். திரும்பக் கேட்டபோது யாரோ ஒரு பெரிய மனுஷன் உனக்குப் புத்தி சொல்வது மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். தமிழில் எழுதினால் கை மெதுவாகத்தான் போகும், பொய் சொல்ல நேரமாகும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். அடுத்த மாதம் உன் தங்கை ரம்யாவுக்குக் கல்யாணம். ஹோமத்தின்போது கல்யாணப் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட வேண்டியவன் அவள் கூடப் பிறந்தவன். போன வாரம் புரோகிதர் வீட்டுக்கு வந்து சாமான்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "பொரி போட அண்ணன் இருக்கார் இல்லையா?" என்று ரம்யாவைக் கேட்டார். "அண்ணாவுக்கு டைம் இருக்காது. எங்க மாமா பையன் போடுவான்" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு பால்கனிக்குப் போய் உனக்கு ஃபோன் செய்தேன். "மாமா பையனையே போடச் சொல்லுங்கப்பா. நான் வந்தா மாப்பிள்ளை வீட்டுல மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. ஏம் காது" என்றாய். ஒன்றும் ஆகாது என்று தெலுங்கில் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். ஆகாதது எவ்வளவு ஆகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ டிப்ளமா முடித்து, நல்ல கம்பெனியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு நாச்சாரத்தில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து நான் சொந்தக்காரர்களிடம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "ஆட்டோமொபைல் ஃபீல்டில் இருக்கான்." கேட்டவர்கள் மனசுக்குள் ஒரு ஏசி ரூமையும் கழுத்தில் தொங்கும் அட்டையையும் போட்டுக்கொண்டால் அது அவர்கள் பாடு. நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். குஷாய்குடா ஃபாக்டரியில் காலமெல்லாம் லென்ஸை வைத்துக்கொண்டு அடுத்தவன் பற்றவைத்த இடத்தில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் பேச்சில் இருந்த விரிசல் மட்டும் எந்த லென்ஸிலும் படவில்லை.

ரிட்டையரான பிறகு குக்கர் விசிலிலிருந்து பால்காரர் வரை எல்லாவற்றையும் இன்ஸ்பெக்‌ஷன் செய்ய ஆரம்பித்தேன். உன் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க பையன் ஷெட்டுக்குப் போய் உக்காருங்க. அங்க எல்லாம் இரும்பு. நீங்க திட்டினாலும் கோவிச்சுக்காது" என்றாள். அப்படித்தான் வந்தேன். உப்பலில் பழைய இரும்புக் கடை வாசலில் செடி முளைத்துக் கிடந்த அந்த பிக்கப்பை நீ இழுத்துக்கொண்டு வந்திருந்த சமயம். வழியில் நின்றுபோகும் வண்டிகளைக் கட்டி இழுத்து வர உனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்றாய். அதன் இன்ஜின் தேய்ந்துபோய், ஸ்டார்ட் செய்தால் எதிர்க் கடை மறைகிற அளவுக்குப் புகை விட்டது. அடிபட்ட வேறொரு வண்டியிலிருந்து, அதே கம்பெனியின் கொஞ்சம் பெரிய டீசல் இன்ஜினை வாங்கி வைத்திருந்தாய். முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, அப்புறம்தான் ஸ்பானர் என்று நீ அலைந்ததைப் பார்த்து, இவன் என் பிள்ளைதான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள்தான்.

உன்னோடு நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. பழைய இன்ஜின் உட்கார்ந்த இடத்தில் புதியது உட்காரவில்லை; தாங்கும் கால்களை வெட்டி எடுத்து வேறு இடத்தில் வெல்டிங் வைத்தாய். முன்பக்கம் கனம் கூடும் என்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தாய். இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு கியர் பாக்ஸோடு சேர்க்கிற அன்று, இரண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி நின்றது. போல்ட்டைத் தொடாமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு நீ கீழே குனிந்து பார்த்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. போல்ட்டை முறுக்கினால் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். நடுவில் இருக்கிற உலோகக் கூட்டில் போல்ட் நுழைகிற காது உடைந்து என் காலடியில் விழுந்தது. நீ அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். "டீ தாகுதாம் அப்பா" என்று என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஸ்கூலில் படிக்கும்போது நீ அம்மாவின் மிக்சியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நின்றாயே, அன்று நான் ஸ்க்ரூடிரைவரைப் பீரோவில் வைத்துப் பூட்டி, வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். டீயைக் குடிக்கும்போது அது ஞாபகம் வந்தது.

வேறு கூடு தேட வேண்டியிருந்ததால் வேலை தள்ளிப் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் ரம்யாவைப் பார்க்க இந்த மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு வரன் எல்லாம் பேசி முடிகிற கட்டத்தில் வந்து நின்றதும், "பையன் மெக்கானிக்காமே" என்று யாரோ அவர்கள் காதில் போட்டதும், அப்புறம் அவர்கள் என் ஃபோனையே எடுக்காததும் உனக்குத் தெரியாது. ரம்யாவுக்கும் தெரியாது. அந்தப் பயம் என்னை விடவில்லை. இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இவர்கள் வருவதாக இருந்த அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றிருந்தேன். வழி கேட்டு மாப்பிள்ளையின் அப்பா ஃபோன் செய்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதும், நாச்சாரம் என்று வாயில் வந்துவிட்டது. "நாங்களும் அந்தப் பக்கம்தான் வர்றோம். லொகேஷன் போடுங்க, உங்களையும் ஏத்திக்கிட்டுப் போறோம்" என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூட அந்த நேரத்துக்கு வரவில்லை. கார் வந்து ஷெட் வாசலில் நின்றது. அவர், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன் மூன்று பேரும் இறங்கினார்கள். பிக்கப்புக்கு அடியிலிருந்து உன் கால்கள் மட்டும் தெரிந்தன.

"யார் வண்டி?" என்று அவர் கேட்டார். "என்னுதுதான். பழசு. இன்ஜின் மாத்தறேன்" என்றேன். அந்த ஒரு பொய் போதுமாக இருந்தது. வண்டி என்னுடையது ஆனதும் நீ எனக்கு வேலை செய்கிற மெக்கானிக் ஆகிவிட்டாய். நீ வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அப்பா" என்று வாயெடுக்கப் போகிறாய் என்று பயந்து, நான் முந்திக்கொண்டேன். "உஸ்தாத், கித்னா டைம் லகேகா?" எவ்வளவு நேரமாகும் என்று, தெருவில் போகிறவன் மெக்கானிக்கைக் கேட்கிற மாதிரி.

தம்பி, அதற்கு முன்னால் நான் உன்னோடு ஹிந்தி பேசியதே இல்லை. வீட்டுக்குள் தமிழ் என்று சட்டம் போட்டவன் நான். நீ தெலுங்கில் ஆரம்பித்து ஹிந்தியில் முடித்தாலும் நான் தமிழில்தான் பதில் சொல்வேன். அதனால் அந்த ஒரு வாக்கியம் வந்ததும் உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். அப்புறம் இந்த ஊர் மெக்கானிக் எப்படிப் பேசுவானோ அப்படியே, "ஹோ ஜாத்தா சாப். ஆப் ஜாவ்" என்றாய். வேலை ஆகிவிடும், நீங்கள் போங்கள் என்று. அவர் நல்ல மனுஷர், உன் பக்கம் கையை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ் என்று நீ மணிக்கட்டைக் காட்டினாய். அதைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "சாய் பீனா பேட்டா" என்று, டீ குடிக்க நீட்டினார். "நக்கோ மேடம்" என்று மறுத்தாய். விடாமல் உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். நீ என்னைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். நான் கார்க் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதை வாங்கிக்கொண்டு சலாம் வைத்தாய். காரில் போகும்போது, "நல்ல களையான பையன், பாவம்" என்றார் அந்த அம்மா. "இந்த ஊர்ப் பையன். தங்கமான வேலைக்காரன்" என்றேன் நான்.

உன் வயசில் உள்ளவனுக்கு இதிலிருந்து ஏதாவது எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். பயத்தில் வாய் தவறிவிட்டால் அங்கேயே, அந்த ஆட்கள் முன்னாலேயே திருத்திவிடு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காரில் ஏறாதே. ஏறிவிட்டால் இறங்க இடமே வராது. அன்று வீட்டில் அவர்கள் பையன் எங்கே என்று கேட்டபோது, கம்பெனி வேலையாகப் பூனே போயிருக்கிறான் என்றேன். ரம்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள்; ஷெட்டை விட்டு வர மறுத்த அண்ணனுக்கு அப்பா முட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்திருப்பாள். நான் நினைக்கவிட்டேன்.

ஷெட்டில் நடந்ததாவது ஒரு நிமிஷப் பயம். இதற்கப்புறம் நான் செய்ததற்குப் பயம் என்று பேர் வைக்க முடியாது, எல்லாம் சௌகரியம். நிச்சயதார்த்தத்துக்கு நீ வரவில்லை. வண்டி வேலை அவசரம் என்று ரம்யாவுக்கு ஃபோன் செய்தாய். "உனக்கு என்னைவிட வண்டிதான் முக்கியம்னா அதையே கட்டிக்கிட்டு அழு. இனிமே என்கிட்ட பேசாத" என்று அவள் கத்தியது ஹாலில் உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது. எழுந்து போய், அவன் மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு வாயில் கொழுக்கட்டையா இருந்தது? பேப்பரைத் திருப்பினேன். மண்டபத்தில் தட்டு மாற்றி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் என் ஃபோன் அதிர்ந்தது. நீ அனுப்பிய வீடியோ. இன்ஜின் முதலில் வெள்ளையாகப் புகை விட்டு, ஒரு தரம் திணறி, அப்புறம் சீராக ஓட ஆரம்பிக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய சத்தத்தை நான் தூணுக்குப் பின்னால் நின்று, ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டேன். என்ன பார்க்கிறீர்கள் என்று சம்பந்தி வந்து கேட்டார். "ஒண்ணுமில்ல, யாரோ ஃபார்வர்டு" என்றேன்.

அதற்கப்புறம் நீ ஷெட்டுக்கு மேலே இருக்கிற அறைக்கே போய்விட்டாய். வேலை அதிகம் என்றாய். அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள், நான் வரவில்லை. என் பொய் நிற்பதற்காக நீ வீட்டை விட்டாய், தங்கையின் நிச்சயத்தை விட்டாய், அவளிடம் கெட்ட பேரும் வாங்கிக்கொண்டாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய அந்த "ஏம் காது" இருக்கிறதே, அது எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. இனிமேல் என்னிடம் அதைச் சொல்லாதே. ஏதாவது ஆகிவிட்டால் ஆகிவிட்டது என்று சொல்.

உன்னோடு ஃபோனில் பேசிய அன்றே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. நான் கூட வரமாட்டேன்" என்றாள். மறுநாள் காலை தனியாகத்தான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. குடித்தால் அப்புறம் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு ஷெட்டுல பார்த்தீங்களே, அவன்தான் என் பையன்" என்றேன். இரண்டு பேருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் அந்தப் பிள்ளை கையில காசு வெச்சேனே. நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டுதானே இருந்தீங்க" என்றார். என் வெட்கம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு தப்பும் செய்யாத அந்த அம்மாவையும் தலைகுனிய வைத்துவிட்டேன். சம்பந்தி என்னை நேராகப் பார்த்தார். "கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனா உங்க மேல எனக்கு இருந்த மரியாதை குறைஞ்சு போச்சு. அதை மறைச்சுப் பேச எனக்கு வராது" என்றார். சரி என்றேன். "ஞாயித்துக்கிழமை தாம்பாளத்தோட நாங்க அங்க வர்றோம். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவரை நாங்களே முறையா அழைக்கணும்" என்றார். அதனால் ஞாயிறு காலையில் அவர்கள் ஷெட்டுக்கு வருவார்கள். நானும் வருவேன். நீ விரும்பினால் கூட நிற்பேன், இல்லாவிட்டால் ரோட்டிலேயே நிற்கிறேன்.

ரம்யாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நேற்று மத்தியானம் சொன்னேன். நடுவில் ஒன்றும் கேட்காமல் கடைசிவரை கேட்டாள். பூனே, வீடியோ, காசு, எல்லாம். "அவனை நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? நீங்க இங்கதான உக்காந்திருந்தீங்க?" என்றாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவள் கூப்பிடாவிட்டால் நீ கூப்பிடு.

சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ரம்யாதான் எனக்குத் தட்டு வைத்தாள். வைத்துவிட்டு, என் பக்கத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "சாப், கானா லகாவூம்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. ஹோட்டலில் கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்டாள். என் பெண், என் வீட்டில், என்னிடம். போடும்மா என்றேன். போட்டாள். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் ஹிந்தியிலேயே கேட்டாள். இன்று காலையும் அப்படித்தான். பேப்பரை நீட்டும்போதும் "லீஜியே சாப்". நான் பெற்ற பெண்ணுக்கு நான் யாரோ ஒருத்தனாகிவிட்டால் எப்படி இருக்கும் என்று இரண்டு வேளையில் தெரிந்துவிட்டது. நீ அதை இத்தனை மாதமாக வைத்துக்கொண்டு, அம்மா கொண்டுவந்த சாப்பாட்டையும் சாப்பிட்டுக்கொண்டு, ஸ்பானரும் பிடித்திருக்கிறாய்.

அவள் என்னோடு எப்போது தமிழில் பேசுவாள் என்று தெரியாது. அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை, அது என் பாடு. அவள் மணையில் உட்கார்ந்து கையை நீட்டும்போது பொரி போட நீ வா. வேண்டாமென்று நீ சொன்னால், காரணம் கேட்கிற எல்லாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை தமிழில் சொல்வேன்.

அப்பா